மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும்

ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். குடித்து முடித்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கத்தரிக்கோலால் நகத்தளவுத் துண்டுகளாக வெட்டுங்கள். மூடியையும், மூடியைத் திருகித் திறந்த பிறகும் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும் வளையத்தையும், உடம்பைச் சுற்றியிருந்த லேபிளையும் அதே அளவுக்கு நறுக்குங்கள். எல்லாவற்றையும் வாளியில் கொட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கலக்குங்கள். சோப்பு விடாவிட்டால் நீரின் பரப்பு இழுவிசை, மூழ்க வேண்டிய துண்டுகளையும் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கலக்கி விட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மூடி, வளையம், லேபிள் மூன்றும் மேலே மிதக்கும். பாட்டில் துண்டுகள் மொத்தமும் அடியில் படிந்திருக்கும்.

அடர்த்திதான் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம். மூடி செய்யும் பாலிஎத்திலீன் அதே அளவில் சுமார் 0.95 கிராம். லேபிள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், 0.9 கிராம். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38 கிராம். உலகில் எந்தப் பெட் மறுசுழற்சி ஆலைக்குள் போனாலும் நடுவில் ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி இருக்கும். அரைத்த பாட்டில் துண்டுகள் ஒரு முனையில் விழும். மிதப்பதை மேலே வழித்தெடுப்பார்கள், மூழ்கியதைத் திருகுத் தண்டு அடியிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். உங்கள் வாளியில் நடந்ததுதான் அங்கே டன் கணக்கில் நடக்கிறது.

இந்தத் தொட்டிக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. மூழ்குவதெல்லாம் பெட் என்று அது நம்பிவிடும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவர்களையும் கெடுக்கிறவர்களையும் பற்றியது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இரு தரப்பும் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். பூந்தமல்லியைத் தாண்டி நேமத்தில் கோகோ கோலாவின் குளிர்பான ஆலை இருக்கிறது. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை. திருவள்ளூர் மாவட்டம் நெடுகிலும் நிலத்தடி நீரை உறிஞ்சி, சுத்திகரித்து, இருபது லிட்டர் கேனில் அடைக்கும் சிறு ஆலைகள். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் பிளாஸ்டிக் வார்க்கும் பட்டறைகள். இவற்றுக்கெல்லாம் நடுவே, அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரைக்கும், கரையான்சாவடியிலிருந்து திருமழிசை வரைக்கும், தெருவுக்குத் தெரு காயலாங்கடை.

பாட்டிலின் அடுத்த பிறவியைத் தீர்மானிக்கிற முதல் ஆய்வுக்கூடம் இந்தக் காயலாங்கடைதான். அங்கே பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் கையில். கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்து, எதிரே கொட்டிய குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறது கை. நடுவில் சின்னக் குமிழ் மாதிரி ஒரு புள்ளி இருந்தால் பெட். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் நுழைந்த வாசலின் தழும்பு அது. புள்ளிக்குப் பதிலாக அடியில் நேர்கோடாகத் தையல் ஓடினால் வேறு பிளாஸ்டிக், அது வேறு சாக்கு. சந்தேகமாக இருந்தால் சுவரை மடக்கிப் பார்ப்பார்கள். மடித்த இடம் வெள்ளையாக வெளுத்தால் பிவிசி. அப்புறம் மூடியைத் திருகி ஒரு சாக்கில் போட்டு, கழுத்து வளையத்தைக் குட்டைக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்து, பாட்டிலைக் காலால் மிதித்துச் சப்பையாக்கி, வெள்ளை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், எண்ணெய் பாட்டில் ஒரு பக்கம் என்று எறிவார்கள். பால் கவருக்குத் தனிச் சாக்கு. அது பாலிஎத்திலீன், விலையும் உண்டு. ஒரு பாட்டிலுக்கு இவ்வளவும் நடக்க ஆகும் நேரம் சில விநாடிகள். அகச்சிவப்புக் கதிரை வைத்து இதே வேலையைச் செய்யும் இயந்திரங்கள் ஐரோப்பாவில் உண்டு. இங்கே அந்த அறிவு கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளுக்குக் கையுறைகூட இல்லாமல்தான் பெரும்பாலும் வேலை நடக்கிறது. இதைச் சொல்லாமல் மறுசுழற்சியைப் பற்றிப் பெருமை பேசுவது நியாயமில்லை.

இனி, பாட்டிலுக்குள் இருக்கும் மூலக்கூறு.

பெட் என்பதன் முழுப்பெயர் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட். 1941-ல் இங்கிலாந்தில் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் காப்புரிமை பெற்றது துணி நெய்யும் நூலுக்காக. நாம் பாலியெஸ்டர் என்று சொல்லும் சட்டைத் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள்தான். அதைப் பாட்டிலாக்கியவர் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியல் வையத், ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் அண்ணன். சோடாவுக்குள் இருக்கும் வாயு அழுத்தத்தை அன்றைய பிளாஸ்டிக் பாட்டில்கள் தாங்கவில்லை, உப்பிப் போயின. பிளாஸ்டிக்கை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஒரே சமயத்தில் இழுத்தால் மூலக்கூறுகள் பாய் பின்னியதுபோல் இரு திசையிலும் படிந்து வலுவாகும் என்று அவர் கண்டார். 1973-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பாட்டில் அப்படித்தான் பிறக்கிறது. சோதனைக்குழாய் போன்ற தடித்த சிறு குழாயை வார்த்து, சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி, உள்ளே கம்பியால் நீட்டி, காற்றடித்து ஊதுவார்கள்.

பெட்டின் ஒவ்வொரு மூலக்கூறும் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. கண்ணிகளை இணைப்பது எஸ்டர் பிணைப்பு. அதன் பரம எதிரி தண்ணீர். அறை வெப்பத்தில் தண்ணீரால் எஸ்டரை ஒன்றும் செய்துவிட முடியாது, அதனால்தான் அதில் தண்ணீரையே அடைத்து விற்க முடிகிறது. ஆனால் பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் துண்டுகளில் ஒட்டியிருக்கும் ஈரம் கத்தியாக மாறி, சங்கிலிகளை நடுநடுவே வெட்டும். ஒரு வெட்டு விழுந்தாலே சங்கிலியின் நீளம் பாதியாகிவிடலாம். கழுவாமல் மறுசுழற்சி செய்ய முடியாது, கழுவினால் ஈரம் சேரும். ஆகவே ஆலைகளில் கழுவிய துண்டுகளை 160 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக உலர்த்துகிறார்கள். பத்து லட்சம் பங்கில் ஐம்பது பங்குக்குக் கீழே ஈரம் இறங்கினால்தான் உருக்குகிறார்கள்.

இவ்வளவு கவனித்தும் ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் குறுகவே செய்யும். இங்கேதான் பாட்டிலின் தலைவிதி இரண்டாகப் பிரிகிறது. வாயு அழுத்தத்தைத் தாங்கும் பாட்டிலுக்கு நீளமான சங்கிலி தேவை. நூலுக்குக் குட்டையான சங்கிலி போதும். இந்தியாவில் சேகரிக்கப்படும் பெட் பாட்டிலில் பெரும்பகுதி இதுவரை நூலாகவும் தலையணைப் பஞ்சாகவும் போனதற்கு இதுவே வேதியியல் காரணம்.

கரூரில் உள்ள ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் இந்த வழியில் வெகுதூரம் போன நிறுவனம். பாட்டிலை இழையாக்கி, இழையை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, சட்டையாகவே விற்கிறார்கள். 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நரேந்திர மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த வெளிர்நீல மேல்கோட்டின் துணி, பெட் பாட்டில்களிலிருந்து கரூரில் தயாரானது. இந்தியன் ஆயில் நிறுவனம் அதை அவருக்குப் பரிசளித்திருந்தது. கொங்கு நாட்டின் நெசவு அறிவு குப்பையோடு கைகோத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் இது ஒருவழிப் பாதை. சட்டை நைந்துபோன பிறகு அதைத் திரும்ப பாட்டிலாக்க யாரும் இங்கே காத்திருக்கவில்லை. சாயம், பருத்திக் கலப்பு, பொத்தான், ஜிப் எல்லாம் சேர்ந்த பழந்துணியைப் பிரிப்பது, பாட்டிலைப் பிரிப்பதைவிடப் பல மடங்கு கடினம். அது சாத்தியமாகும் வரை நேமத்தில் ஊதப்படும் அடுத்த பாட்டிலுக்குப் புதிதாகப் பெட்ரோலியம்தான் வேண்டியிருக்கும்.

பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாக்க வேண்டுமானால் குறுகிய சங்கிலியை மறுபடி நீட்ட வேண்டும். அது முடியும். பெட் குருணைகளை உருகவிடாமல், 200 டிகிரிக்குச் சற்று மேலே, வெற்றிடத்தில் பல மணி நேரம் வைத்திருந்தால் அறுந்த முனைகள் ஒன்றோடொன்று மறுபடி இணைகின்றன. இணையும்போது வெளியேறும் நீரையும் கிளைக்காலையும் வெற்றிடம் உறிஞ்சிவிடுவதால் வினை ஒரே திசையில் நடக்கிறது. இதே சூடும் வெற்றிடமும் பிளாஸ்டிக்குக்குள் ஊறிப்போன வேற்றுப் பொருள்களையும் வெளியே இழுத்துவிடும். இந்த இரண்டாவது பயன் நம் ஊருக்கு மிக முக்கியம். காலி பாட்டிலை நாம் சும்மா வைப்பதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம், பினாயில் ஊற்றுகிறோம், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வாங்கி வருகிறோம். அப்புறம் அதே பாட்டில் காயலாங்கடைக்குப் போகிறது. ஆகவே உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் என்று ஓர் ஆலைக்கு அனுமதி கொடுக்கும் முன் கடுமையான ஒரு பரீட்சை வைப்பது உலக வழக்கம். டொலுவின், பென்சோபீனோன் போன்ற வேதிப்பொருள்களை வேண்டுமென்றே பெட் துண்டுகளில் ஊறவைத்து ஆலைக்குள் அனுப்புவார்கள். மறுமுனையில் வரும் குருணையில் அவை எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று அளப்பார்கள்.

இந்தியச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர நாளாயிற்று. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கை உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 2011-ம் ஆண்டு விதி பத்தாண்டுகள் நீடித்தது. 2021-ல் தடை தளர்ந்தது. 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிபந்தனைகளோடு வழிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 16 அன்று வெளிவந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்கள் ஒரு படி மேலே போயின. பாட்டில் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளில் 2025-26-ல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும், ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி 2028-29-ல் அது 60 சதவீதமாக வேண்டும் என்று விதித்தன.

எண்ணை எழுதுவது எளிது. அறுபது சதவீதத்துக்குத் தேவையான சுத்தமான துண்டுகள் எங்கிருந்து வரும்? தண்ணீர்த் தொட்டியின் குருட்டுப் புள்ளிக்கு இப்போது திரும்ப வேண்டும்.

பழரசம், சத்துப் பானம் விற்கும் சில பாட்டில்களைப் பாருங்கள். கழுத்திலிருந்து அடிவரை வண்ணப்படம் அச்சிட்ட உறை இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கடையலமாரியில் கண்ணைக் கவர்வதற்காக அப்படி. அந்த உறை பல நேரம் பிவிசி. பிவிசியின் அடர்த்தியும் 1.3-க்கு மேல். அதுவும் மூழ்கும். பெட் துண்டுகளோடு சேர்ந்தே உலைக்குப் போகும். பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் பெட் சங்கிலிகளை வெட்டித் தள்ளும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிவிசி கலந்தாலே மொத்தச் சரக்கும் மஞ்சளாகி, பாட்டிலுக்கு லாயக்கில்லாமல் போகும். அம்பத்தூர்ப் பெண்மணி அந்த உறையைக் கத்தியால் கிழித்தெடுத்தால்தான் உண்டு. கிழிக்க நேரமாகும், நேரத்துக்குக் கூலி கிடையாது, ஆகவே அந்தப் பாட்டில் ஓரமாக எறியப்படும். விளம்பரப் பிரிவு எடுத்த ஒரு முடிவின் விலையை அவர் கொடுக்கிறார்.

பச்சை பாட்டிலும் இப்படித்தான். பச்சைத் துண்டிலிருந்து பச்சை பாட்டிலோ கறுப்பு நூலோ செய்யலாம், தெளிந்த தண்ணீர் பாட்டில் செய்ய முடியாது. அதனால் விலை குறைவு. ஸ்பிரைட் வட அமெரிக்காவில் 2022-ல் தன் புகழ்பெற்ற பச்சை பாட்டிலைக் கைவிட்டு நிறமில்லாததற்கு மாறியது.

நல்லெண்ணத்தோடு வரும் இடைஞ்சல் ஒன்றும் இருக்கிறது. மக்காச்சோளத்திலிருந்து செய்யும், மக்கும் என்று சொல்லப்படும் பிஎல்ஏ பாட்டில். பார்வைக்கு அச்சு அசல் பெட். அடர்த்தி 1.24, ஆகவே மூழ்கும். ஆனால் 160, 170 டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால் உலர்த்தும் கலனுக்குள்ளேயே பிசுபிசுத்துப் பெட் துண்டுகளைக் கட்டியாக்கிவிடும். அது மக்குவதற்கும் தொழிற்சாலை அளவிலான சூடான உரக்கூடம் வேண்டும். நம் வீட்டுத் தோட்டத்து மண் போதாது. அப்படிப்பட்ட உரக்கூடமும் தனிச் சேகரிப்பும் இல்லாத ஊரில் அந்தப் பாட்டிலை விற்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கெடுப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து.

வடிவம் சரியாக இருந்தாலும் பாட்டில் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்கு அதில் காசு இருக்க வேண்டும். ஒரு காலத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் உருவாக்கிய கோலி அடைத்த சோடா பாட்டில் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் நூறாண்டு வாழ்ந்தது. குடித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போவோம். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் கண்ணாடி பாட்டிலும் மரக்கிரேட்டில் ஆலைக்குத் திரும்பியது. பெட் வந்ததும் திரும்பிப் போகும் பாதை அறுந்தது. எடை குறைந்தது, உடையவில்லை, லாரிச் செலவு மிச்சமானது. எல்லாம் உண்மையான வசதிகள். காலி பாட்டிலின் பொறுப்பு மட்டும் யார் தலையிலும் இல்லாமல் போய், கூவத்தில் இறங்கியது.

காசு வைத்தால் திரும்பி வரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுபாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிக்கும் பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் பாட்டிலுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு.

இங்கே குளிர்பானத்துக்கும் தண்ணீருக்கும் அப்படிப்பட்ட முன்பணம் இல்லை. அதற்குப் பதிலாக நிறுவனங்கள் மறுசுழற்சியாளர்களிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டுகின்றன. 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. தாளில் மறுசுழற்சியான பிளாஸ்டிக் ஏதோ ஓர் ஓடையில் கிடக்கிறது. கடைக்காரர் கையில் திருப்பித் தரப்படும் பத்து ரூபாயைப் போலியாக்குவது இதைவிடக் கடினம்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் முன்பணம் கட்டித் திரும்பும் பாத்திரம் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது: இருபது லிட்டர் தண்ணீர் கேன். புதுக் குடித்தனம் வந்தால் முதலில் தேடுவது கேன் போடுகிறவரின் போன் நம்பரைத்தான். முதல் முறை கேனுக்கு அட்வான்ஸ், பிறகு காலியைக் கொடுத்து நிறைந்ததை வாங்குவது. யாரும் திட்டம் தீட்டாமல், விளம்பரம் செய்யாமல் வளர்ந்த மறுபயன்பாட்டு ஏற்பாடு இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 20 கிராம். இருபது லிட்டருக்கு 400 கிராம் பிளாஸ்டிக். கேன் ஏறத்தாழ 700 கிராம். இரண்டாவது முறை நிரப்பும்போதே கேன் முந்திவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் செலவாவது ஒரு மூடியும் அதன் மேல் ஒட்டும் சுருங்கு உறையும் மட்டுமே.

குறைகள் இல்லாமல் இல்லை. கீறல் விழுந்த கேனில் பாசி தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெயிலில் அடுக்கிய கேன் சீக்கிரம் நைகிறது. ஒரு நிறுவனத்தின் கேனில் இன்னொருவர் நிரப்புவதும் நடக்கிறது, அப்போது யார் கழுவினார் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். அதிலிருந்து பிஸ்பீனால் என்ற பொருள் சிறிதளவு கசியலாம். 1 என்று இருந்தால் பெட். உள்ளே இருக்கும் தண்ணீரின் கதை வேறு. அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுத்த ஆலைகளை மூட நீதிமன்றம் உத்தரவிட்டு, 2020 தொடக்கத்தில் கேன் ஆலைகள் வேலைநிறுத்தம் செய்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பாத்திரம் சுற்றி வருகிறது என்பதற்காக நிலத்தடி நீரும் சுற்றி வந்துவிடாது. 2024 இறுதியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடைத்து விற்கும் குடிநீரை அதிக அபாய உணவு வகையில் சேர்த்து, ஆண்டுத் தணிக்கைக்கு உட்படுத்தியது நல்ல முடிவு.

2022 வழிகாட்டுதல்களில் அதிகம் பேசப்படாத ஓர் அட்டவணை உண்டு. ஏறத்தாழ ஐந்து லிட்டருக்கு மேற்பட்ட கெட்டிப் பிளாஸ்டிக் கலன்களில் 2025-26-ல் 70 சதவீதத்தை மறுபடி பயன்படுத்த வேண்டும் என்கிறது அது. கேன்காரர்கள் அதை விதி வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த வரிசையில், 0.9 லிட்டர் முதல் ஐந்து லிட்டர் வரையிலான கலன்களுக்கு 10 சதவீதம். 2028-29-ல் 25 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இந்த வரிசையில்தான் வருகிறது. பூந்தமல்லி பேருந்து நிலையக் கடையில் இப்போது தொங்கும் மெல்லிய பாட்டிலை அப்படியே கழுவி நிரப்ப முடியாது. பெட் 75 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், மெல்லிய சுவர் வெந்நீர் பட்டாலே சுருங்கிவிடும். மறுபடி நிரப்பும் பாட்டிலுக்குச் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும், 60 டிகிரியைத் தாண்டாத காரநீரில் கழுவ வேண்டும். ஜெர்மனியில் அப்படிப்பட்ட தடித்த பெட் பாட்டில்கள் கிரேட்டில் போய்க் கிரேட்டில் வந்து பதினைந்து, இருபது முறை நிரப்பப்படுகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலோடு அதை இங்கே தொடங்க, புதிதாக ஊர் ஊராக வலைப்பின்னல் போட வேண்டியதில்லை. காலி கேன் எடுக்க ஆவடியின் ஒவ்வொரு சந்துக்கும் தினமும் வரும் அதே குட்டி யானை வண்டியில், கேன்களுக்குப் பக்கத்தில் ஒரு கிரேட் ஏற்ற இடம் இருக்கிறது.